நெளியும் கிருமிக்குள் ஒரு நாடா

பாவாடையின் இடுப்புப் பட்டிக்குள் நாடா ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே தெரியாது, துணியின் இரண்டு மடிப்புக்கும் நடுவில் போய்க்கொண்டிருக்கும். அது பருத்தி நாடாவாக இல்லாமல் சுருட்டி வளைத்த எஃகுக் கம்பியாக இருந்தால் என்ன ஆகும்? பட்டி நேராக நிற்காது. கம்பியின் வளைவுக்குத் தக்கபடி துணியும் நெளியும். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா பர்க்டார்ஃபெரி என்ற பாக்டீரியா தன் உடம்பை இப்படித்தான் வளைத்து வைத்திருக்கிறது. அதன் கம்பி பெரும்பாலும் ஒரே ஒரு புரதத்தால் ஆனது, அந்தப் புரதத்துக்கு ஒரே ஒரு மரபணு. அந்த மரபணுவைக் கெடுத்துவிட்டால், நெளிந்து நெளிந்து போகும் கிருமி அசையாத நேர்க்குச்சி ஆகிவிடுகிறது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மோதலெப், நைல்ஸ் சாரன் முதலியோர் இதைச் செய்து காட்டினார்கள். அந்தச் சோதனையைப் புரிந்துகொண்டால், மரபணு என்பது ஒரு உயிரின் வடிவத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்ற பெரிய கேள்விக்கும் ஒரு நல்ல பிடி கிடைக்கும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

பள்ளிப் புத்தகத்தில் பாக்டீரியாவுக்கு மூன்று வடிவம் சொல்வார்கள்: உருண்டை, கோல், சுருள். மூன்றாவது படத்தை முறுக்கு மாதிரி வரைந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். உண்மையில் சுருளாக இருப்பவை எல்லாம் ஒரே குடும்பம் இல்லை. வயிற்றுப்புண்ணோடு தொடர்புடைய ஹெலிகோபாக்டரும் சுருள்தான். ஆனால் அதன் கசையிழைகள், அதாவது நீந்த உதவும் வால் போன்ற இழைகள், உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாம் பேசப்போவது ஸ்பைரோகீட் என்ற தனி வம்சம். சிபிலிஸ் கிருமி, எலிக்காய்ச்சல் கிருமி, லைம் நோய்க் கிருமி எல்லாம் இதில் அடக்கம். இவற்றின் அடையாளமே கசையிழை உள்ளே இருப்பதுதான். உடலுக்கு இரண்டு உறை: உட்சவ்வும் அதை ஒட்டிய செல் சுவரும் சேர்ந்த உள் உருளை ஒன்று, அதன்மேல் தளர்வாகப் போர்த்திய வெளிச்சவ்வு ஒன்று. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்குக்குப் பெயர் பெரிபிளாசம். நாடா ஓடுவது அங்கேதான்.

பொரேலியாவின் கதை அதிகப் பழையது இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊர்ப்பக்கம் 1970களில் சிறுவர்கள் பலருக்கு மூட்டுவலி வந்தது. 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணிகளின் குடலுக்குள் நெளியும் இந்தக் கிருமியைப் பார்த்தார். அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. நீளம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர், தடிமன் ஒரு மைக்ரோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும்: எல்லாரும் இதைச் 'சுருள்' என்றாலும் இது திருகாணி மாதிரிச் சுருள் இல்லை. மேசையில் வைத்த பாம்பு மாதிரித் தட்டையான அலை. அந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

ஒவ்வொரு முனையிலும் 7 முதல் 11 கசையிழைகள் தொடங்குகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் உட்சவ்வில் பதிந்த சுழலும் மோட்டார் ஒன்று. அதிலிருந்து கொக்கி போன்ற சிறு இணைப்பு. அப்புறம் நீண்ட இழை. இழைகள் அருகருகே படிந்து ஒரு பட்டையாக உள் உருளையைச் சுற்றிக்கொண்டே நடுப்பகுதிவரை வருகின்றன. அங்கே எதிர்முனையிலிருந்து வரும் பட்டையோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிகின்றன. மோட்டார்கள் சுழலும்போது உடம்பில் அலை ஓடுகிறது, கிருமி முன்னேறுகிறது. வெளியே துடுப்பு இல்லாததால், தோலுக்கு அடியிலுள்ள பிசுபிசுப்பான திசுவுக்குள்ளும் இதனால் நுழைந்து போக முடிகிறது.

சரி, மரபணுவுக்கு வருவோம்.

இழையின் பெரும்பகுதி ஃபிளா-பி என்ற புரதம். அதற்கான மரபணுவின் பெயரும் அதுவே. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை; ஃபிளா-பியில் 336 மணிகள். டிஎன்ஏவில் ஒவ்வொரு மணிக்கும் மூன்று எழுத்து என்பதால், இந்தச் செய்தியை எழுத 1008 எழுத்தும், முடிவைக் குறிக்கும் மூன்றும் போதும். பொரேலியாவின் குரோமோசோம் மொத்தம் 9,10,725 எழுத்து. அதில் ஆயிரத்துச் சொச்சம் என்பது ஒரு நோட்டுப் புத்தகத்தில் சில வரிதான். (பெரும்பாலான பாக்டீரியாக்களுக்குக் குரோமோசோம் வளையமாக இருக்கும். இதற்கோ இரண்டு முனையுள்ள நேர்க்கோடு! 1989இல் அது தெரியவந்தபோது பலருக்கும் ஆச்சரியம். அது வேறு கதை.)

ஒரு ஃபிளா-பி மூலக்கூறு தனியாக நூல் இல்லை, செங்கல். ஆயிரக்கணக்கான செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி அடுக்காகச் சேர்ந்து குழாய் போன்ற இழையாகின்றன. குழாயின் நடுவில் துளை உண்டு. இதைக் கட்டும் விதம் எனக்கு இன்னும் வியப்புத்தான். நாம் சுவர் கட்டினால் கல்லை வெளியிலிருந்து கொண்டுபோய் வைப்போம். இங்கே ஃபிளா-பி செல்லுக்குள் தயாராகி, மோட்டாருக்கு அடியிலுள்ள வாயில் வழியாக அந்தத் துளைக்குள் தள்ளப்படுகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் குழாய்க்குள்ளேயே பயணம் செய்து, மறுகோடியில் வெளியே வந்து, அங்கே தன் இடத்தில் உட்காருகிறது. நுனியில் ஒரு மூடிப் புரதம் காத்திருந்து ஒவ்வொரு கல்லையும் ஒழுங்காக உட்காரவைக்கும். ஆக இழை வளர்வது அடியில் இல்லை, நுனியில்.

ஃபிளா-ஏ என்று இரண்டாவது ஒரு புரதமும் இழையில் உண்டு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டுக்கும் உறவு இல்லை. ஃபிளா-ஏ குழாய் வழியாகப் போவதில்லை. அதன் தொடக்கத்தில் 'என்னை வெளியே அனுப்பு' என்று முகவரி எழுதியதுபோல ஒரு சிறு துண்டு இருக்கிறது. அதைப் பார்த்துச் செல்லின் பொதுவான ஏற்றுமதிப் பாதை அதைப் பெரிபிளாசத்துக்குள் விடுகிறது. முகவரித் துண்டு வெட்டப்பட்டபின் அது வெளிப்புறத்திலிருந்து இழையோடு சேர்கிறது. பொரேலியாவில் இதன் அளவு குறைவு, ஃபிளா-பிதான் ராஜா.

இப்போது சோதனை. ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று அறிய மரபியலாளர்கள் செய்வது, வீட்டில் எந்த ஃபியூஸ் எந்த விளக்குக்கு என்று கண்டுபிடிப்பதுபோலத்தான்: ஒன்றைப் பிடுங்கிவிட்டு எது அணைகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் 10 மைக்ரோமீட்டர் உயிரிலிருந்து மரபணுவை இடுக்கியால் பிடுங்க முடியாது. அதனால் ஒரு தந்திரம். முதலில் சோதனைக்குழாயில் ஃபிளா-பி மரபணுவின் பிரதி ஒன்றை எடுத்து, அதன் நடுவில் கானமைசின் என்ற மருந்தைத் தாங்கும் திறனைத் தரும் வேறொரு மரபணுவைச் சொருகுவார்கள். ஒரு வாக்கியத்தின் நடுவில் சம்பந்தமில்லாத பத்தி ஒன்றை ஒட்டியதுபோல, ஃபிளா-பியின் செய்தி பொருளற்றதாகிவிடும். இந்த டிஎன்ஏவை, ஒரு நொடிக்கும் குறைந்த மின்னதிர்ச்சி கொடுத்து பாக்டீரியாவுக்குள் நுழைப்பார்கள். இரு பக்கத்து எழுத்துகளும் பொருந்துவதால், மிக அரிதாகச் சில செல்கள் தங்கள் நல்ல பிரதியை விட்டுவிட்டு இந்தக் கெட்டுப்போன பிரதியைக் குரோமோசோமில் ஏற்றுக்கொள்ளும். பிறகு கானமைசின் கலந்த ஊடகத்தில் வளர்த்தால் மற்றவை செத்துப்போகும், மாறியவை மட்டும் மிஞ்சும். பொரேலியா சாவகாசமாக வளரும் உயிர். கண்ணுக்குத் தெரியும் கூட்டமாகப் பெருக வாரக்கணக்கில் ஆகும். பொறுமை இல்லாதவர்களுக்கான வேலை இல்லை இது.

மிஞ்சியவற்றில் ஃபிளா-பி இல்லை, இழை இல்லை. நீந்தவில்லை, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத அளவுக்குப் பளிச்சென்று தெரிந்தது வடிவ மாற்றம்: அலை போய், கிருமி நேர்க்கோல் ஆகியிருந்தது. கசையிழை என்றால் துடுப்பு என்று மட்டும் நினைத்திருந்த இடத்தில், அதுவே எலும்புக்கூடாகவும் இருக்கிறது என்று தெளிவானது.

கவனமான வாசகர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். மின்னதிர்ச்சியில் வேறு ஏதாவது மரபணுவும் கெட்டுப்போய், அதனால் வடிவம் மாறியிருக்கலாமே? நியாயமான சந்தேகம். அதனால்தான் மரபியலில் எடுத்துவிட்டால் மட்டும் போதாது, திரும்பவும் வைத்துக் காட்ட வேண்டும். 2001இல் நல்ல ஃபிளா-பி மரபணுவை அதே பாக்டீரியாவுக்குள் திருப்பி வைத்தபோது இழைகள் வந்தன, அலை வந்தது, நீச்சலும் வந்தது. பிடுங்கிய ஃபியூஸை மறுபடி சொருகியதும் அதே விளக்கு எரிந்தால், பிறகு வாதம் இல்லை. பிற்பாடு ஃபிளா-பி இல்லாத கிருமிகளைச் சுண்டெலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றால் தொற்றை நிலைநிறுத்த முடியவில்லை.

அப்படியானால் ஃபிளா-பி 'அலை வடிவத்துக்கான மரபணு' என்று சொல்லலாமா? செய்தித்தாளில் அப்படித்தான் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் இதுதான். இழைகளைச் செல்லிலிருந்து தனியே பிரித்தெடுத்துப் பார்த்தால் அவை தட்டை அலையாக இல்லை. இடம்புரிச் சுருளாக, ஸ்பிரிங் மாதிரி இருக்கின்றன. இழை இல்லாத செல்லைப் பார்த்தால் அது நேர்க்கோல். இரண்டில் எதன் சொந்த வடிவமும் தட்டை அலை இல்லை! தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயோடு ஒரு ஸ்பிரிங் கம்பியைச் சுற்றிக் கட்டிப் பாருங்கள். குழாய் இரும்பு மாதிரி விறைப்பாக இருந்தால் ஸ்பிரிங் நிமிர்ந்துவிடும். குழாய் துணி மாதிரித் தொளதொளவென்று இருந்தால் ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்குச் சுருளும். இரண்டின் விறைப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்து, இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது வடிவத்தில் நிற்கும். பொரேலியாவின் அலை அந்த இழுபறியில் பிறப்பது. மரபணுவில் எழுதியிருப்பது செங்கல்லின் வடிவமும் அது பக்கத்துக் கல்லோடு சேரும் கோணமும் மட்டுமே. அலை எங்கேயும் எழுதப்படவில்லை.

இழுபறி என்றாலே அளவு முக்கியம். செங்கல் அதிகமானாலும் கஷ்டம், குறைந்தாலும் கஷ்டம். எவ்வளவு ஃபிளா-பி செய்வது என்பதை எப்படிக் கட்டுப்படுத்துகிறது? இதில் பொரேலியா மற்ற பாக்டீரியாக்களிலிருந்து விலகி நடக்கிறது.

ஒப்பிடுவதற்கு சால்மொனெல்லா என்ற குடல்நோய் பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே கசையிழை மரபணுக்கள் படிப்படியாக முடுக்கப்படுகின்றன. கடைசிப் படியான இழைப் புரதத்தின் மரபணுவைப் படிக்க சிக்மா-28 என்ற தனி மேற்பார்வையாளர் வேண்டும். மோட்டாரும் கொக்கியும் கட்டி முடியும்வரை, ஒரு தடுப்புப் புரதம் அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். கொக்கி முடிந்ததும் அதே கொக்கியின் துளை வழியாகத் தடுப்புப் புரதம் செல்லைவிட்டு வெளியே தள்ளப்படும். மேற்பார்வையாளர் விடுபடுவார், மரபணு படிக்கப்படும். அஸ்திவாரம் முடியும்வரை கல் லாரிக்கு ஆர்டரே கொடுக்காத கொத்தனார் மாதிரி.

பொரேலியாவிடம் சிக்மா-28 கிடையாது. நீச்சலுக்கும் திசையறிதலுக்கும் 50க்கும் மேற்பட்ட மரபணுக்களை வைத்திருக்கும் உயிரிடம் அந்தப் படிக்கட்டே இல்லை. ஃபிளா-பி மரபணு, செல்லின் அன்றாட மரபணுக்களைப் படிக்கும் பொது மேற்பார்வையாளராலேயே படிக்கப்படுகிறது. கட்டுப்பாடு அடுத்த கட்டத்தில் வருகிறது. மரபணுவைப் பார்த்து எழுதிய நகலான எம்.ஆர்.என்.ஏ தயாராகிவிடும், அந்த நகலை ரைபோசோம் படித்துப் புரதமாக்கவிடாமல் தடுப்பதில்தான் சூட்சுமம். இதற்குச் சான்று அந்தக் குச்சிக் கிருமிகளிலேயே கிடைத்தது. ஃபிளா-பி இல்லாதபோது ஃபிளா-ஏ புரதமும் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் ஃபிளா-ஏயின் எம்.ஆர்.என்.ஏ குறையவில்லை. அதேபோல் கொக்கிப் புரதத்தின் மரபணுவை முடக்கிய கிருமிகளில் ஃபிளா-பி புரதம் சரிந்தது, அதன் நகல் வழக்கம்போல இருந்தது. ஆர்டர் போய்விட்டது, கல்தான் இறங்கவில்லை.

தடுப்பவர்களில் ஒருவர் சிஎஸ்ஆர்-ஏ என்ற சிறு புரதம். எம்.ஆர்.என்.ஏவின் தலைப்பகுதியில் ரைபோசோம் வந்து உட்காரும் இடம் ஒன்று உண்டு. சிஎஸ்ஆர்-ஏ அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்குத் துண்டு போட்டு வைப்பதுபோல. வேறு யாரும் உட்கார முடியாது. பாக்டீரியாவில் சிஎஸ்ஆர்-ஏயை அளவுக்கு மீறிச் செய்ய வைத்தபோது ஃபிளா-பி குறைந்து போனது 2011இல் காட்டப்பட்டது.

கொக்கியைப் பற்றி ஒரு வரி: ஸ்பைரோகீட்டின் கொக்கிப் புரதங்கள் வெறுமனே அடுக்காக நிற்பதில்லை. ஒன்றிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலமும் அடுத்ததிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் வேதிப் பிணைப்பால் பூட்டிக்கொள்கின்றன. உடம்பையே நெளிய வைக்கும் விசையைத் தாங்க அப்படி ஒரு வெல்டிங் தேவை போலும்.

இவ்வளவும் படித்தபின், எல்லா ஸ்பைரோகீட்டிலும் இதே கதைதான் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா அதைக் கெடுத்துவிடுகிறது.

மழைக்காலத்தில் வயல்சேற்றில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் புதிதில்லை. அந்தக் கிருமியின் முனைகள் கொக்கிபோல வளைந்திருக்கும். 1907இல் ஸ்டிம்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மஞ்சள் காய்ச்சலில் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் திசுவில் இதைப் பார்த்தார். கேள்விக்குறி மாதிரி இருக்கிறதே என்று 'இன்டெரொகன்ஸ்' என்று பெயர் வைத்தார். இதற்கு ஒவ்வொரு முனையிலும் ஒரே ஒரு கசையிழை, அதுவும் நடுப்பகுதிவரை எட்டாத குட்டை இழை. இதன் நோய் உண்டாக்காத உறவுக்கிருமியில் ஃபிளா-பி மரபணு ஒன்றை 2001இல் முடக்கினார்கள். நீச்சல் நின்றது, முனையின் கொக்கி நிமிர்ந்தது. ஆனால் உடம்பின் நெருக்கமான திருகு அப்படியே இருந்தது! அந்தத் திருகு செல் சுவரில் பதிந்தது. நாடாவை உருவினாலும் போகாது. பொரேலியாவில் முழு உடம்பையும் வளைக்கும் அதே வகைப் புரதம், இங்கே இரண்டு நுனியை மட்டும் வளைக்கிறது.

அந்தக் குட்டை இழைக்குள் எட்டிப் பார்த்தால் கூட்டம் அதிகம். பொரேலியாவில் ஒரே ஃபிளா-பி. இங்கே ஃபிளா-பி1 முதல் 4 வரை நான்கு. ஃபிளா-ஏ இரண்டு. இவை போதாதென்று எஃப்சிபி-ஏ, எஃப்சிபி-பி என்று வேறு ஸ்பைரோகீட் குடும்பங்களில் இல்லாத உறைப் புரதங்கள். லெப்டோஸ்பைராவின் இழையைப் பிரித்தெடுத்தால் அது கடிகார ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டுகொள்ளும். எஃப்சிபி-ஏ இல்லாத கிருமியில் இழை இருக்கிறது, ஆனால் சுருளாமல் நேராகக் கிடக்கிறது. கிருமியும் முன்னேற முடியாமல் இருந்த இடத்திலேயே கிடக்கிறது. இந்தப் புரதங்கள் இழையைச் சுற்றிலும் ஒரேமாதிரிப் படிவதில்லை, ஒரு பக்கம் ஒரு வகை, மறுபக்கம் வேறு என்று அமைகின்றன என மின்னணு நுண்ணோக்கிப் படங்கள் காட்டின. வெயிலில் காயும் பனையோலை ஒரு பக்கமாகச் சுருள்வதுபோல, இரு பக்கமும் சமமாக இல்லாததே வளைவுக்குக் காரணம்.

ட்ரெபொனீமா என்ற மூன்றாவது கூட்டத்தில் இன்னொரு திருப்பம். பல் ஈறு நோயில் பங்குள்ள ட்ரெபொனீமா டென்டிகோலாவில், பெரிபிளாச இழைகள் போதாதென்று, செல்லுக்குள்ளேயே உட்சவ்வை ஒட்டினாற்போல் இன்னொரு நாடா ஓடுகிறது. அது கசையிழைக்குச் சம்பந்தமில்லாத சிஎஃப்பி-ஏ என்ற புரதத்தால் ஆனது. படத்தில் பார்த்தால் வெளி இழைக்கு நேர் கீழே, கூடவே ஓடுவதுபோல இருக்கும். வடிவத்தைத் தாங்குவது இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும் இடம் அது. 2001இல் அந்த மரபணுவை முடக்கியபோது கிடைத்தது வேறு விடை: செல்கள் இரண்டாகப் பிரிய முடியாமல் ரயில்பெட்டிபோலச் சங்கிலியாக நீண்டன, டிஎன்ஏவும் சீராகப் பங்கிடப்படவில்லை. எலும்புக்கூடு போலத் தெரிந்தது, பிரசவ வேலைக்கு வேண்டியதாக இருந்தது. இழையாக இருப்பதெல்லாம் வடிவத்துக்குத்தான் என்று படத்தை வைத்து ஊகிப்பது எவ்வளவு ஆபத்து பாருங்கள்.

கடைசியாக ஃபிளா-பியை மருத்துவமனையில் சந்திக்கும் இடம். கணக்குப்படி 336 அமினோ அமிலத்துக்கு அதன் எடை ஏறத்தாழ 36 கிலோடால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு). ஆய்வகத்தில் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓடவிட்டால் 41 என்ற இடத்தில் வந்து நிற்கும். அதனால் பி41 என்ற பெயரும் உண்டு. லைம் நோய் வந்தவர் உடம்பில் முதலில் உருவாகும் எதிர்ப்புரதங்களில் இதற்கு எதிரானதும் ஒன்று. வெளிச்சவ்வுக்குள் ஒளிந்திருக்கும் நாடா நம் உடலுக்கு எப்படித் தெரிந்தது என்றால், செத்து உடையும் கிருமிகளிலிருந்து அது வெளியே வந்துவிடுகிறது. நோயின் தொடக்கத்தில் செய்யும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், அதாவது கிருமியின் எந்தெந்தப் புரதத்துக்கு எதிர்ப்புரதம் இரத்தத்தில் இருக்கிறது என்று கோடுகளாகக் காட்டும் சோதனையில், 23, 39, 41 என்ற மூன்று கோடுகளைத் தேடுவார்கள், குறைந்தது இரண்டு கோடுகள் தெரிய வேண்டும். 41 மட்டும் தனியே தெரிந்தால் அதை நோய் என்று எடுத்துக்கொள்வதில்லை. ஃபிளா-பியின் இரு முனைப் பகுதிகளும் எத்தனையோ பாக்டீரியாக்களின் கசையிழைப் புரதத்தோடு ஒத்துப்போகின்றன. உண்ணியே கடிக்காத ஒருவரின் இரத்தத்திலும், வேறு ஏதோ கிருமியைப் பார்த்துப் பழகிய எதிர்ப்புரதம் அந்தக் கோட்டை எழுப்பிவிடும்.